பிரவுசர் திறக்கவில்லையா? பேரேட்டைக் கிழிக்காதீர்!



முன்பெல்லாம் சாவி தொலைந்தால்தான் கடை திறக்க முடியாது. இன்று கம்ப்யூட்டரில் பிரவுசர் திறக்காவிட்டாலே பாதிக் கடை மூடியதற்குச் சமம். ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில், வங்கி வரவு செலவு எல்லாம் அதன் வழியேதான் நடக்கின்றன.

எங்கள் பருப்பு மண்டியில் ஒரு மாதம் 20-ஆம் தேதி மாலை இந்தச் சங்கடம் நேர்ந்தது. அன்றுதான் 3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். தவறினால் வரி உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பிரவுசர் திறக்கவில்லை. மறுபடி நிறுவினோம், பலனில்லை. நீக்கப் பார்த்தோம், நீங்கவும் இல்லை. கடைப் பையன் அவசரத்தில் அது சம்பந்தப்பட்ட ஃபோல்டர்களையெல்லாம் தேடி அழித்தான். புதிதாக நிறுவியதும் பிரவுசர் திறந்தது. ஆனால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் போயின. புது பாஸ்வேர்டு பெற முயன்றால், ஓ.டி.பி. எண் வேலையை விட்டுப் போன பழைய கணக்குப்பிள்ளையின் போனுக்குச் சென்றது! அவர் நல்ல மனிதர். எண்ணைச் சொன்னார், இரவு 11 மணிக்குத் தாக்கல் முடிந்தது.

பிறகு கற்றுக்கொண்ட பாடம் இது. பிரவுசர் இரண்டு பகுதிகளைக் கொண்டது. புரோகிராம் என்பது கடைக் கட்டடம். புரொஃபைல் என்பது பேரேடு. பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் அதில்தான் இருக்கும். கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் பேரேடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கோளாறு பேரேட்டில் இருந்தால் மறுபடி நிறுவிப் பயனில்லை.

ஆகவே வரிசையாகச் செய்யுங்கள்:

1. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பிரவுசர் பெயர் அதில் இருந்தால், அது உள்ளே பாதியில் நிற்கிறது என்று பொருள். 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். நிறுவவும் நீக்கவும் தடையாக இருப்பது பெரும்பாலும் இதுவே.

2. கம்ப்யூட்டரை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். விண்டோஸ் 10, 11-இல் 'ஷட் டவுன்' செய்தால் எல்லாம் முழுமையாக அணைவதில்லை.

3. இன்னும் திறக்காவிட்டால் பேரேட்டை ஒதுக்கி வையுங்கள், அழிக்க வேண்டாம். ஃபயர்பாக்ஸ் என்றால் 'ஆப்டேட்டா'வில் ரோமிங், மொசில்லா வழியே சென்று 'ஃபயர்பாக்ஸ்' ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். குரோம் என்றால் லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா வழியே 'டீஃபால்ட்' ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். புதுப் பேரேடு தானே உண்டாகும். பழையது பத்திரமாக இருக்கும். ('ஆப்டேட்டா' மறைந்திருக்கும், 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தால் தெரியும்.)

4. நீக்கவே முடியாவிட்டால், தயாரித்தவரின் தளத்திலிருந்தே புதிதாக இறக்கி மேலேயே நிறுவுங்கள். பழுதான நீக்கும் கருவி சரியாகும். அதற்கும் அசையாவிட்டால், நிறுவல்-நீக்கல் கோளாறுகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தரும் இலவசக் கருவி உண்டு. நீக்கும்போது 'பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா' என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள்.

அவசர நாளில் பழுது பார்த்துக்கொண்டிராமல், விண்டோஸுடன் வரும் எட்ஜ் பிரவுசரில் தாக்கலை முடித்துவிடுங்கள். பழுதை மறுநாள் பார்க்கலாம். பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். ஓ.டி.பி. வரும் போன் எண் உங்களுடையதுதானா என்று இன்றே பாருங்கள்.