போஜனத்தில் அளவறிதல்

உடற்பருமனைக் குறைக்க விரும்புவோர் இந்நாளில் நம்மிடையே பலராவர். அவர்களுக்கு நூதனப் பத்தியங்கள் நாள்தோறும் போதிக்கப்படுகின்றன. சோற்றை அறவே விலக்குக என்பர் ஒருசாரார். பழச்சாறு மட்டும் பருகுக என்பர் வேறொருசாரார். பத்தே நாளில் பத்துக் கிலோ குறையும் என்று உறுதி கூறுவாரும் உளர். இவை தேகத்திற்கு நன்மை பயப்பனவா என்று இப்பாடத்தில் ஆராய்வோம்.

கோசல மன்னன் வரலாறு

சம்யுத்த நிகாயத்தில் பசேனதி மன்னனைப் பற்றிய ஒரு வரலாறு உண்டு. அவன் ஒரு துரோண அளவு சோறு உண்ணும் வழக்கமுடையவன். ஒருநாள் அவ்வாறு உண்டபின் மூச்சிரைக்கப் பகவானை அணுகினான். பகவான் அவனை இகழ்ந்தாரல்லர். பட்டினி கிடக்கவும் பணித்தாரல்லர். விழிப்புடன் அளவறிந்து உண்பதன் நன்மையை ஒரு காதையாக அருளினார். சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் அதனை மனனஞ்செய்து, மன்னன் உண்ணும் வேளைதோறும் ஓதினான்.

உரையாசிரியர் இதன் முறையையும் விளக்குகின்றனர். கடைசிக் கவளத்தை மன்னன் எடுக்கும்போது காதை ஓதப்படும். அக்கவளத்தை அவன் உண்ணாது விடுவான். மறுவேளை உலையில் அவ்வளவு அரிசி குறைக்கப்படும். இவ்வாறு படிப்படியாக இறங்கி ஒரு நாழிச் சோற்றில் நின்றான். உடல் மெலிந்து நலமுற்றான். அவன் அரிசியை வெறுத்து ஒதுக்கவில்லை என்பதும், அளவைச் சிறிது சிறிதாகவே குறைத்தான் என்பதும் நாம் கருதத்தக்கவை.

விரைவில் குறைவது யாது?

சோறு முதலிய மாவுப்பொருள்களைத் திடீரென நிறுத்தினால் முதல் வாரத்திலேயே ஓரிரு கிலோ குறைதல் உண்மையே. ஆயின் அதிற் பெரும்பகுதி நீராகும். ஈரலும் தசையும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய 3 கிராம் நீர் தங்கியிருக்கும். சேமிப்புக் கரைந்தால் நீரும் வெளியேறும். மீண்டும் சோறு உண்டால் இரண்டும் திரும்பிவிடும்.

பட்டினியின் விளைவை 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் ஆராய்ந்தார். தாமே முன்வந்த 36 இளைஞர்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தனர். எடையில் ஏறக்குறையக் காற்பங்கு குறைந்தது. அத்துடன் தசையும் வலிமையும் குறைந்தன, குளிர் தாங்கவில்லை, மனம் இடையறாது உணவையே நாடியது. கட்டுப்பாடு நீங்கியபின் அவர்கள் அடங்காப் பசியுடன் உண்டனர். முன்னிருந்ததினும் கொழுப்பு மிகுந்தது. உறுதியின்மையால் நேர்ந்ததன்று இது. பஞ்சம் வந்ததென எண்ணி உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பே ஆகும்.

சமநிலை உணவு

குன்னூரில் 1918இல் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுப்பணி, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அந்நிறுவனம் 2,000 கலோரி கொண்ட ஒருநாள் உணவுக்குச் சமைக்காத நிலையில் வகுத்துள்ள அளவு வருமாறு: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. எடை குறைப்போர் வாரத்திற்கு அரைக் கிலோ குறைத்தலே தீங்கற்றது என்றும், நாளுணவு 1,000 கலோரிக்குக் கீழ் இறங்கலாகாது என்றும் அந்நிறுவனம் அறிவுறுத்துகின்றது.

நம் இல்லங்களிலோ சோறு குவிந்திருக்கும், குழம்பு நீர்த்திருக்கும், கறி ஓரத்தில் ஒரு பிடி இருக்கும். இதனைச் சீர்செய்யப் பொருட்செலவு மிகுதியாக வேண்டுவதில்லை.

1. அளவை உலையிலேயே குறைக்க. சோறு மிஞ்சினால், வீணாகலாகாதென்று அதனை உண்டு தீர்ப்பவள் பெரும்பாலும் வீட்டுத் தாயே.
2. குறைத்த சோற்றின் இடத்தைக் கீரையாலும், கெட்டியான பருப்பாலும், சுண்டலாலும் நிரப்புக. வயிறு வெறுமையாயின் அளவு நிலைக்காது.
3. தேநீர்ச் சர்க்கரையையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் சிறிது சிறிதாகக் குறைக்க.
4. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்க.

நீரிழிவுக்கு மருந்து கொள்வோரும், சிறுநீரக நோயுடையோரும் மருத்துவரைக் கேளாது உணவை மாற்றலாகாது. கருவுற்ற தாய்மார் எடை குறைக்க முயலுதல் தகாது.

கடுந்தவத்தால் உடலை வற்றச் செய்து, அதனாற் பயனில்லை என்று உணர்ந்து உணவேற்றவர் நம் பகவான். மிகையுண்டியும் கடும்பட்டினியும் இரு கோடிகள். இன்று ஒரு கவளம் குறைத்தல் எவர்க்கும் இயலும். நாளையும் அது இயலும்.

சிந்தனைக்கு

1. பசேனதி மன்னன் கைக்கொண்ட முறை பட்டினியினின்று எவ்வாறு வேறுபடுகின்றது?
2. முதல் வாரத்தில் குறையும் எடை ஏன் திரும்பிவிடுகின்றது?
3. நம் வீட்டு உலையில் இன்று எவ்வளவு அரிசி குறைக்கலாம்? அதன் இடத்தில் யாது சேர்க்கலாம்?