பாதி கூலன்ட், பாதி போர் தண்ணீர்

கூலன்ட் பற்றிப் பேச்சு வந்தால் எந்தக் கம்பெனி, பச்சையா சிவப்பா, லிட்டர் என்ன விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. டப்பாவைத் திறந்த பிறகு அதில் எந்தத் தண்ணீரைக் கலந்தார்கள் என்று கேட்பவர் அபூர்வம். கலந்து ஊற்றும் வகைக் கூலன்ட் வாங்கினால் ரேடியேட்டருக்குள் போவதில் சரிபாதி தண்ணீர்தான். சில ஒர்க்‌ஷாப்புகளின் சிக்கனத்தில் முக்கால் பங்கும் தண்ணீர். அந்தப் பங்கை வாசல் குழாயில் பிடித்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். நான் பேட்டரித் தண்ணீர் கேனைக் கையோடு கொண்டுபோய் சர்வீஸில் கொடுக்கிறவன். அதற்குக் கிடைக்கிற ஏளனச் சிரிப்புக்கு நிதானமாகப் பதில் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். கூலன்டின் பிராண்டைவிட அதில் சேரும் தண்ணீர்தான் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

உங்கள் வீட்டுத் தண்ணீரும் என் வீட்டுத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்: ஆழத்தில் போர், மாடியில் டேங்க், குழாய் முனையில் வெள்ளைப் பூச்சு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு. ‘குடிக்கிற தண்ணீர்தானே சார், காருக்கு என்ன ஆகும்?’ என்பது முதல் வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. எண்களை வைத்துப் பார்த்தால் நிற்காது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. அதன்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை பரவாயில்லை. குளோரைடு 250, வேறு வழியில்லாவிட்டால் 1000. மொத்தக் கரைபொருள், அதாவது டிடிஎஸ், 500, வழியில்லாவிட்டால் 2000. இப்போது எஞ்சின் செய்கிறவன் கேட்பதைப் பாருங்கள். கேட்டர்பில்லர் நிறுவனம் தன் எஞ்சின்களின் குளிரூட்டும் நீருக்கு வைத்திருக்கும் வரம்பு: கடினத்தன்மை 170, குளோரைடு 40, சல்பேட் 100, மொத்தக் கரைபொருள் 340. குடிநீர் என்று சான்றிதழ் பெறும் நீரில் எஞ்சின் தாங்குகிற அளவைப்போல் ஆறு மடங்கு குளோரைடு இருக்கலாம். வேறு வழியில்லாத ஊரில் இருபத்தைந்து மடங்கு இருந்தாலும் அது குடிநீர்தான். மனிதனுக்குச் சிறுநீரகம் உண்டு, போன உப்பு வெளியே வந்துவிடும். ரேடியேட்டருக்கு அந்த வசதி இல்லை. ‘அது புல்டோசருக்கான கணக்கு’ என்று ஒருவர் சொல்லக்கூடும். கனத்த இரும்பில் செய்த எஞ்சினுக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், தகடுபோல் மெல்லிய அலுமினியக் குழல்களை வைத்துக்கொண்டிருக்கும் நம் சின்னக் காருக்கு இன்னும் அதிகமாகத்தானே பார்க்கவேண்டும்?

உப்புத் தண்ணீர் உள்ளே என்ன செய்கிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் ஹீட்டர் கம்பியில் படிகிற அதே வெள்ளைக் கட்டிதான். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். இது நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். ஆகவே எந்த இடம் மிகவும் கொதிக்கிறதோ அந்த இடத்தைத் தேடிப்போய்ப் படியும். எஞ்சினில் அந்த இடம் சிலிண்டர் ஹெட், அதிலும் எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றிய பகுதி. வெப்பத்தை முதலில் வெளியேற்றவேண்டிய இடத்தில்தான் அடைப்பு விழுகிறது. இந்தச் சுண்ணாம்புப் படிவு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தை மோசமாகக் கடத்துவது. மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்தாலே போதும், அந்த இடத்து உலோகம் தனியாகச் சூடேறும். ‘ஆறு லிட்டரில் எவ்வளவு உப்பு இருந்துவிடப் போகிறது?’ என்று கேட்டால், உண்மையில் கொஞ்சம்தான். அதில் பாதியாக, கடினத்தன்மை 600 உள்ள நீர் மூன்று லிட்டர் ஊற்றினால் 1.8 கிராம். அதோடு நிறுத்தினால் எந்தக் காரும் சாகாது. யாரும் அதோடு நிறுத்துவதில்லை என்பதுதான் சிக்கல். எங்கோ மெல்லக் கசிகிற வண்டியில் வாரம் அரை லிட்டர் ஊற்றினால் வருடத்துக்கு 26 லிட்டர். உள்ளே போன சுண்ணாம்பு 15 கிராமைத் தாண்டும். ஆவியாக வெளியேறுவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும்.

இதுவரை சொன்னது வெறும் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குத்தான், நல்ல கூலன்ட் வாங்குகிற நமக்கில்லை என்று நினைத்தால், அங்கேதான் பெரிய செலவு காத்திருக்கிறது. துருவைத் தடுக்க கூலன்டில் சேர்க்கும் மருந்துகள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜப்பானிய, கொரியத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்ப்பார்கள். சிலிகேட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். ஐரோப்பியர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கிவிட்டு சிலிகேட்டை ஏற்றுக்கொண்டார்கள். காரணம் அங்கே பல ஊர்த் தண்ணீர் கடினமானது. கடினநீரில் உள்ள கால்சியமும் கூலன்டில் உள்ள பாஸ்பேட்டும் சேர்ந்தால் கரையாத கால்சியம் பாஸ்பேட் உருவாகி வீழ்படிவாக இறங்கிவிடும். ஜப்பானில் தண்ணீர் பொதுவாக மென்மையானது, அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நம் சாலைகளில் ஓடுபவற்றில் பெரும்பகுதி ஜப்பானிய, கொரியக் கம்பெனிகளின் வண்டிகள். நாம் ஊற்றுவதோ போர் தண்ணீர். இரண்டும் சேர்ந்தால் நஷ்டமும் இரட்டை. படிவு குழல்களை அடைக்கும். படிவாக இறங்கிய அளவுக்கு, காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பும் கூலன்டிலிருந்து காணாமல் போயிருக்கும். கூலன்ட் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டி அடுத்த பிராண்டுக்குத் தாவுகிறவர்கள், அதே குழாயில்தான் மறுபடியும் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஹெட் கேஸ்கெட், ஹெட் ஸ்கிம்மிங், புது ரேடியேட்டர், புது வாட்டர் பம்ப் என்று வரிசையாக எழுதிய பில்லில் ‘தண்ணீர்’ என்ற வார்த்தை எங்கும் இருக்காது. அதனால்தான் குற்றவாளி பிடிபடுவதே இல்லை.

குளோரைடு வேறு ரகம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் மெல்லிய ஆக்சைடு தோல். குளோரைடு அந்தத் தோலில் ஊசிமுனை அளவு இடத்தைத் துளைத்து, உள்ளே குடைந்துகொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் புதுசுபோல் இருக்கும், ஒருநாள் கீழே ஈரம் தெரியும். கடலோரச் சென்னைக்காரர்களும், கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்ட மீஞ்சூர்ப் பக்கத்துக்காரர்களும் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

அடுத்த வாதம் மூத்த மெக்கானிக்குகளுடையது: ‘அம்பாசடருக்குக் கிணத்துத் தண்ணி ஊத்தித்தான் முப்பது வருஷம் ஓட்டினோம்.’ உண்மைதான். ஆனால் அது வேறு இயந்திரம். இரும்பு பிளாக், அகலமான நீர்வழிகள், செம்பும் பித்தளையும் கொண்ட ரேடியேட்டர். அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பற்றவைப்பு உருக்கி எடுத்து, குழலுக்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, திரும்பப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். இன்றைய ரேடியேட்டரில் அலுமினியக் குழல்கள் தட்டையாகக் குறுகியவை, இரு பக்கமும் பிளாஸ்டிக் டேங்குகள் மடித்து இறுக்கப்பட்டவை. கம்பி விட இடமும் இல்லை, பற்றவைக்க உலோகமும் இல்லை. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது; அதன் தண்ணீர்ப் பழக்கம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘என் வண்டி அஞ்சு வருஷமா குழாய்த் தண்ணியிலதான் ஓடுது, ஹீட்டே ஆனதில்ல’ என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இப்போதைய பல கார்களில் வெப்பமானி முள் ஓர் அகலமான வெப்ப எல்லைக்குள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும்தான். சிவப்பு எரியும்போது செய்தி வந்து சேர்கிறதே தவிர எச்சரிக்கை வந்ததாகாது.

இன்னும் கொஞ்சம் படித்தவர்களின் வாதம் ஒன்று உண்டு. இயற்பியல்படி வெறும் தண்ணீர்தான் சிறந்த குளிர்விப்பான். கூலன்டின் மூலப்பொருளான கிளைக்கால் கலந்தால் வெப்பம் சுமக்கும் திறன் குறைகிறது. நம் ஊரில் பனி உறையப்போவதும் இல்லை. பிறகு கூலன்ட் எதற்கு? வாதத்தின் முதல் பாதி முழுக்கச் சரி. தண்ணீரின் தன்வெப்பம் 4.2 என்றால் பாதிக்குப்பாதி கலவைக்கு 3.5 அளவில்தான். பந்தயக் கார்களில் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதும் சரி. அங்கே அதற்கு இன்னொரு காரணம், கிளைக்கால் சிந்தினால் தடம் வழுக்கும். ஆனால் அவர்கள் ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர், கூடவே துருத்தடுப்பு மருந்து, எஞ்சினை அடிக்கடி பிரிக்க ஆட்கள். மூன்றும் நம்மிடம் இல்லை. கிளைக்கால் உறைவதைத் தடுப்பதோடு கொதிநிலையையும் ஏற்றுகிறது: திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக் கலவை 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் இரண்டுமே இன்னும் இருபது டிகிரி போல் மேலே போகும். மூடி பழசாகி அழுத்தம் பிடிக்காத வண்டியில், கத்திரி வெயிலில், ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது அந்த ஏழு டிகிரி பெரிய விஷயம்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? முதலில் ஆகாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்ட் சாஃப்ட்னர் தண்ணீர் ஏமாற்றுக்காரன். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் கருவி அது. சோப்பு நுரைக்கும், படிவும் வராது, ஆனால் குளோரைடு வந்தபடியே இருக்கும், டிடிஎஸ்ஸும் குறையாது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் போகும், மற்ற உப்பெல்லாம் கொஞ்சம் சுண்டி நிற்கும். ஆர்ஓ கருவியின் கழிவுக் குழாயில் வரும் நீரை வண்டி கழுவப் பிடித்துவைக்கிறோம். அதை ரேடியேட்டர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் அறிவாளிகளின் செல்லப்பிள்ளை. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் உப்பு இல்லைதான். ஆனால் தூசி படிந்த காயிலையும் பாசி பிடித்த தட்டையும் தாண்டி வருகிறது. சில பத்து ரூபாயில் சுத்தமான நீர் கடையில் கிடைக்கும்போது இந்தக் கஞ்சத்தனம் எதற்கு? மழைநீரும் அப்படியே, மொட்டைமாடியைக் கழுவிக்கொண்டு வருவது. ஆர்ஓ நீரும் கேன் தண்ணீரும் அவசரத்துக்கு ஆகும், டிடிஎஸ் மீட்டரில் 100க்குக் கீழே காட்டினால்.

சரியானது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு அல்லது டிஎம் (உப்பு நீக்கிய) வாட்டர். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்குங்கள். இதற்கும் எதிர்ப்பு உண்டு: சுத்த நீர் ‘பசித்த நீர்’, உலோகத்தைத் தின்னும் என்பார்கள். தனியாக ஊற்றினால் அதில் உண்மை இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி லேசாகப் புளிக்கும், தடுக்க மருந்தும் இல்லை. கூலன்டோடு கலந்த நிமிடமே அமிலத்தன்மையைச் சமன்செய்யும் பொருளும் துருத்தடுப்பும் வந்து சேர்ந்துவிடுகின்றன, பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்தது: ஆறிய எஞ்சினில் பழையதை இறக்கி, டிஸ்டில்டு நீரால் அலசி, பாதிக்குப்பாதி கலந்து ஊற்றி, காற்று வெளியேறும்வரை ஓடவிட்டு, அளவு பார்ப்பது. அலசிய நீர் எஞ்சினுக்குள் கொஞ்சம் தங்கும், அதையும் விகிதத்தில் கணக்கில் வையுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி கொதித்தால் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, கிடைத்த தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேருங்கள்; வந்ததும் அதை முழுக்க இறக்கிவிடுங்கள். மூடிய அமைப்பில் அளவு குறையவே கூடாது. அடிக்கடி குறைந்தால் கசிவைத் தேடவேண்டும், பாட்டிலைத் தேடக்கூடாது.

அடுத்த சர்வீஸுக்கு வண்டியை விடும்போது ‘கூலன்டில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எழுத மறுத்தால், கலக்கத் தேவையில்லாத ரெடிமிக்ஸ் கூலன்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்.