கிறிஸ்துமஸ் விருந்துக்கு லேசான பரங்கிக்காய் சீஸ்கேக்

டிசம்பர் 25 மதியம் வடசென்னையில் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் எத்தனையோ வீடுகளில் பிரியாணி அண்டா இறங்கும். முந்தின இரவு இராயப்பர் கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்தவர்கள் காலையிலிருந்து கல்கல், அச்சு முறுக்கு, பிளம் கேக் என்று கொறித்தபடி இருப்பார்கள். இத்தனைக்கும் பிறகு வருகிற இனிப்பு லேசாக இருந்தால்தான் வயிறு ஏற்கும்.

கடைக் கிரீம் சீஸில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. 400 கிராம் வாங்கினால் அதில் மட்டும் 130 கிராம் வரை போய்விடும். ஒரு லிட்டர் ஆவின் நீலப் பாக்கெட் பாலைத் தோய்த்து வடித்தாலும் ஏறக்குறைய அதே 400 கிராம் கட்டித் தயிர் கிடைக்கும். அந்தப் பாலில் இருப்பது 3 சதவீதம், அதாவது மொத்தமே 30 கிராம் கொழுப்பு. மார்கழியில் பொங்கலை எதிர்பார்த்துப் பரங்கிக்காயும் சந்தைக்கு வந்து குவிகிறது. மீதியெல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. பரங்கியிலும் தயிரிலும் உள்ள தண்ணீரைப் பொறுமையாக வெளியேற்றிவிட்டால் கலவையில் வெண்ணெயும் கிரீமும் இல்லாமலே கேக் வழவழப்பாக நிற்கும்.

ஏழு அங்குலத் தட்டுக்கு: வடித்த தயிர் 400 கிராம், அரை லிட்டர் பாலைத் திரித்து எடுத்த பனீர், வதக்கிய பரங்கி விழுது 200 கிராம், சர்க்கரை 110 கிராம், முட்டை 2, கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டி, அடித்தட்டுக்கு மாரி பிஸ்கட் 100 கிராம்.

செய்ய வேண்டியவை

முற்றின காயாகப் பார்த்து வாங்குங்கள். தோல் நகம் இறங்காத அளவுக்குக் கெட்டியாகவும், உள்ளே சதை ஆழ்ந்த ஆரஞ்சாகவும் இருக்க வேண்டும். சந்தையில் கீற்றாக வெட்டி வைத்திருப்பதை வாங்குவது நல்லது. நிறம் கண்ணுக்குத் தெரியும். 700 கிராம் கீற்று போதும். விதையை எறிய வேண்டாம்.

பரங்கியை ஆவியில் வேகவைத்து மசித்து, அடி கனமான வாணலியில் சிறு தீயில் கிளறுங்கள். இந்த வேலைக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் தளதளவென்று கொதித்துத் தெறிக்கும், பிறகு அடங்கும், கடைசியில் கரண்டியால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும். அப்போது இறக்குங்கள். அமெரிக்கச் செய்முறைகள் டப்பாவில் அடைத்த விழுதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அது தொழிற்சாலையிலேயே வெந்து கெட்டியாகி வருகிறது. நம் ஊர்ப் பரங்கியை அந்த அளவுக்கு நாம்தான் கொண்டுவர வேண்டும். ஆசைப்பட்டுச் செய்த பலருடைய கேக் நடுவில் சொதசொதவென்று போவதற்கு இந்தப் படியைத் தாண்டிப் போனதே காரணம்.

தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் பாத்திரத்தின் மேல் வடிகட்டியில் வைத்து ஓர் இரவு விடுங்கள். கடற்கரையோர வெப்பத்தில் சமையலறைக் கொக்கியில் தொங்கவிட்டால் மார்கழியிலும் விடிவதற்குள் புளித்துவிடும். வடிந்த தெளிநீரைச் சப்பாத்தி மாவுக்கோ ரசத்துக்கோ எடுத்துக்கொள்ளலாம்.

தயிர், பனீர், சர்க்கரை மூன்றையும் முதலில் மிக்ஸியில் மையாக அரைத்துவிடுங்கள். பனீரில் ஒரு திப்பி இருந்தாலும் நாக்கில் தட்டுப்படும். பிறகு பரங்கி, கார்ன்ஃப்ளார், பொடிகள். பட்டை அரைத் தேக்கரண்டி, சுக்கு கால் தேக்கரண்டி, இரண்டு கிராம்பு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை போதும். முட்டையைக் கடைசியில் கையால் கலக்குங்கள்.

அடித்தட்டைக் கவனியுங்கள். உள்ளே கொழுப்பைக் குறைத்துவிட்டு, பிஸ்கட் தூளில் 80 கிராம் வெண்ணெயை ஊற்றினால் என்ன பயன்? 25 கிராம் வெண்ணெயும் இரண்டு கரண்டிப் பாலும் விட்டுப் பிசிறி, மெல்லிசாக அழுத்தி, பத்து நிமிடம் தனியே சுட்டு ஆறவிட்டால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

தட்டின் வெளிப்புறத்தை ஃபாயிலால் சுற்றி, வெந்நீர்த் தட்டில் உட்காரவைத்து 160 டிகிரியில் சுடுங்கள். 45 நிமிடத்தில் பார்க்கத் தொடங்குங்கள். ஓரம் இறுகி, தட்டை அசைத்தால் நடுவில் மட்டும் லேசாக ஆட வேண்டும். அணைத்து, கதவைச் சற்றே திறந்து ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். பிறகு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு. அதனால் 23ஆம் தேதி தயிர் கட்டினால் 24 பகலில் சுட்டு, 25 மதியம் வெட்டலாம்.

ஓவன் இல்லாத வீடுகளில் இட்லிக் குண்டான் போதும். வங்காளிகள் வடித்த தயிரையும் இனிப்புக் கெட்டிப் பாலையும் கலந்து ஆவியில் வைத்துச் செய்யும் பாப்பா தோய் இதற்கு நெருங்கிய சொந்தம். குண்டான் மூடியைத் துணியால் கட்டிச் சிறு தீயில் 35 நிமிடம் வையுங்கள். ஆவி நீர் கேக்கின் மேல் சொட்டாது. இந்த முறையில் பிஸ்கட் அடித்தட்டு ஊறிப்போகும். அடித்தட்டு போடாமல், பரிமாறும்போது வறுத்த பிஸ்கட் தூளை மேலே தூவுங்கள். கழுவி உலர்த்தி வறுத்த பரங்கி விதையும் கூடச் சேரட்டும்.

பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்புவது வடசென்னையில் பண்டிகையின் பாதி. அவர்களில் முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் சுடாத கேக் ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள், சைனா கிராஸில். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் கடல்பாசி என்று செய்வது இதுதான். மண்டபம், பாம்பன் கடலில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. 5 கிராமை ஒரு டம்ளர் தண்ணீரில் முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, சூடான பரங்கி விழுதில் கலந்து, அதன் பிறகு அறைச் சூட்டில் உள்ள தயிர்க் கலவையைச் சேருங்கள்.

செய்யக்கூடாதவை

பரங்கியைத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வேகவைக்காதீர்கள். வெளியேற்ற வேண்டியதை நாமே உள்ளே ஊற்றுகிற வேலை அது.

வெல்லப்பாகு வேண்டாம். அதுவும் தண்ணீர்தான். வெல்லச் சுவை பிடிக்குமென்றால் உலர்ந்த நாட்டுச் சர்க்கரையைப் போடுங்கள்.

முட்டை சேர்த்த பிறகு மிக்ஸியைத் தொடாதீர்கள். காற்று புகுந்து, சூட்டில் உப்பி, ஆறும்போது அமுங்கி வெடிக்கும்.

கத்தி விட்டுப் பார்த்து, ஒட்டாமல் வரும்வரை சுடாதீர்கள். பிளம் கேக்குக்கு அது சரி. இங்கே அந்த நிலை வருவதற்குள் முட்டை இறுகித் தயிர் திரிந்திருக்கும். கொழுப்பு குறைந்த கலவை அதிகச் சூட்டை மன்னிக்காது.

ஜெலட்டின் போடாதீர்கள். அது மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து வருவது. யாருக்கு எது ஆகாது என்று தெரியாமல் தட்டு அனுப்புவது முறையல்ல. இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்னை வெயில் சூட்டிலேயே ஜெலட்டின் உருகத் தொடங்கும். சைனா கிராஸ் ஒருமுறை இறுகிவிட்டால் 85 டிகிரியை நெருங்கினால்தான் இளகும்.

மின்வெட்டை மறந்து திட்டமிடாதீர்கள். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வடசென்னையில் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மழை எச்சரிக்கை இருந்தால் இந்தக் கேக்கைத் தள்ளிப்போடுங்கள். முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடும் வீட்டில் கண்டிப்பாக.

குளிர்சாதனப் பெட்டியில் வஞ்சிரமும் இறாலும் இருக்கிற தட்டில் மூடாமல் வைக்காதீர்கள். காசிமேட்டு மீன் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தயிர் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். இறுக்கமாக மூடி, மீன் இல்லாத தட்டில் வையுங்கள்.

லேசானது என்பதால் சர்க்கரை நோயாளிக்கு இரண்டு துண்டு வைக்காதீர்கள். குறைந்திருப்பது கொழுப்புதான், சர்க்கரையும் பிஸ்கட்டும் இருக்கின்றன. பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு 11 கிராம் சர்க்கரை, பிஸ்கட்டில் இருப்பது தனி. அளவைச் சொல்லியே கொடுங்கள். அவர்கள் பிரியாணியில் ஒரு கரண்டி குறைத்துக்கொள்வார்கள்.

மேலே கிரீம் பூசி அலங்கரிக்காதீர்கள். பரங்கியின் நிறமே போதும். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால், ஒவ்வொரு துண்டுக்கும் ஒருமுறை துடைத்து வெட்டுங்கள். மிச்சமிருந்தால் 27ஆம் தேதிக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது தண்ணீர் விட்டுவிடும்.