காற்று வாராத குளிர்சாதனம்

பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, கடலோரக் காட்டுப்பள்ளியில், உப்புக்காற்றும் நுண்மணலும் மோட்டார் வண்டிக்குப் பெரும்பகையாம். வண்டியின் குளிர்சாதனத்தை முடுக்கியும் காற்று வாராதாயின், குளிர்வாயு தீர்ந்ததென்று பொருளை வீணாக்குதல் தகாது. வாயு தீரினும் வெங்காற்றேனும் வீசும். ஆதலின் நாம் விசிறியையே முதலில் ஆராய்வோம்.

எவ்வேகத்திலும் ஓசையில்லையேல், முறையே பியூஸ், ரிலே, மின்னிணைப்பு, மோட்டார் இவற்றைச் சோதிப்போம். இணைப்பில் பச்சைக்களிம்பு ஏறியிருப்பின் அது உப்பின் செயலாம். உச்சவேகத்தில் மட்டும் சுழலுமாயின் பெரும்பாலும் ரெசிஸ்டர் பழுதாம். ஓசையிருந்தும் காற்று மெலியின், மணலும் தூசும் வடிகட்டியை அடைத்தனவோ என்று பார்ப்போம்.

எரிந்த பியூஸுக்கு மாற்றாக மிகுந்த ஆம்பியருடையதை இடுதல் மட்டும் வேண்டா. பியூஸ் எரிவது கம்பியைக் காத்தற்கே. காவலனை நீக்கின் வண்டியே தீக்கிரையாகும். காரணமறிந்து களைதலே கற்றோர்க்கு அழகாம்.