கிணற்று வேலைக்குரிய கயிறு

ஐயங்கார்குளம் போன்ற கிராமங்களில் கவலை இறைத்த நாட்களில் கயிறுகள் இரண்டு இருந்தன. சாலினைத் தூக்கும் வடம் பருமனானது. தோல்வாலை இழுக்கும் வால்கயிறு மெல்லியது. மாடுகள் சரிவில் இறங்குங்கால் ஓட்டுபவர் வடத்தின்மேல் அமர்வதுண்டு. அது அறுந்தால் விழுபவர் அவரே. ஆதலின் வடத்தில் சிக்கனம் பார்ப்பாரில்லை.

இப்பொழுது மோட்டார் இறைக்கின்றது. எனினும் அதனை இறக்கவும், தூர் வாரவும் கயிறு வேண்டும். ஆளும் கயிற்றை நம்பியே இறங்குகிறார்.

தென்னங்கயிறு நீரில் எளிதில் மக்காது. ஆனால் அதே பருமனுள்ள நைலானைவிட வலுவில் மிகக் குறைந்தது. நைலானோ பாரத்தில் நீளும். படகின் நங்கூரத்திற்கு அந்நீட்சி நன்மை. பாயேற்றும் கயிற்றிற்கு அதுவே குற்றம். கிணற்று வேலை பாயேற்றுதலை ஒத்ததாகலின், அதிகம் நீளாத பாலியெஸ்டர் கயிறே உகந்தது. பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் வெயிலில் நைந்துவிடும், உராய்வுச் சூட்டில் உருகும்.

பழைய கயிற்றின் புரிகளைத் திருகிப் பிரித்து உள்ளே நோக்குக. பொடி உதிருமாயின் தள்ளிவிடுக. அறுந்ததை முடிச்சிட்டு உபயோகித்தல் பெருந்தவறு. முடிச்சு ஒன்றே வலுவைப் பாதியளவு குறைக்கக்கூடும். ராட்டினம் மிகச் சிறிதாயின் புதுக்கயிறும் விரைவில் கெடும்.

ஆண்டில் சில நாட்களே வேண்டும் கயிற்றை வீட்டுக்கு வீடு வாங்குவானேன்? சங்கமே நல்லதாக வாங்கி நிழலில் தொங்கவிடலாம். ஆள் இறங்கும் கயிற்றை வேறாக வைத்து, நுனியில் சிவப்புத் துணி கட்டுக. வைக்கோல் வண்டி கட்ட அதனைக் கேட்கும் அங்கத்தினருக்கு, அவர் உறவினரேயாயினும், இல்லையென்று சொல்லும் துணிவு காரியதரிசிக்கு வேண்டும்.