பழிக்கு ஆளாகாதவன் யார்?



கல்லூரியில் படிக்கும் நம் பங்குப் பெண்ணொருத்தி சென்ற ஞாயிறு பூசைக்குப்பின் என்னிடம் கேட்டாள்: "சாமி, இன்னொசென்ட் என்றாலும் இன்கல்ப்பபிள் என்றாலும் குற்றமற்றவன் என்றுதானே அகராதி சொல்லுகிறது? பிறகு இரண்டு சொல் எதற்கு?"

நல்ல கேள்வி. இரண்டும் இலத்தீனில் பிறந்தவை. முன்னதன் வேர் தீங்கு செய்தலைக் குறிக்கும். ஆகவே இன்னொசென்ட் என்பவன் தீங்கு செய்யாதவன். பின்னதன் வேர் 'கூல்ப்பா', அதாவது குற்றம், பழி. இலத்தீன் பூசை கண்ட பெரியவர்கள் மார்பில் தட்டிக்கொண்டு "மேயா கூல்ப்பா" என்றதை மறந்திருக்கமாட்டார்கள். இன்கல்ப்பபிள் என்பவன் கையாலேயே காரியம் நடந்திருக்கலாம். ஆயினும் அவன்மேல் பழி சுமத்த இடமில்லை.

நம் கடலையே பாருங்கள். நடுக்கடலில் இஞ்சின் நின்றுவிடுகிறது. இந்தியாவும் இலங்கையும் 1974-ல் பாக் நீரிணையில் வகுத்த எல்லைக்கோட்டுக்கு அப்பால் நீரோட்டம் படகைத் தள்ளிப்போகிறது. கோட்டைத் தாண்டியது மெய். தாண்டும் மனம் இல்லை. அவன் இன்கல்ப்பபிள். ஆனால் இஞ்சின் பழுதென்று முந்தின நாளே தெரிந்தும், "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டிப்போயிருந்தால்? அப்போது அந்தச் சொல் அவனுக்குப் பொருந்தாது.

அறியாமையும் அப்படியே. குருமடத்தில் எங்களை வெகுவாய்த் திணறடித்த பாடம் இது! முயன்றும் நீக்கமுடியாத அறியாமைக்குப் பழியில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்று அஞ்சிக் கேளாதிருப்பவனின் அறியாமைக்குப் பழியுண்டு.

இச்சொல்லின் எதிர்ச்சொல்லான கல்ப்பபிள் 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதுச் சட்டத்தின் ஆங்கில வாசகத்திலும் இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமாகாது என்று இரு சட்டங்களும் சொல்லுகின்றன. திருச்சபைச் சட்டத்திலும் புத்தி விபரத்துக்கு அதே ஏழு வயதுதான்.

ஒன்று கவனியுங்கள். சாட்சி போதாமல் விடுதலையானவனுக்கெல்லாம் இப்பெயர் சேராது. மறுபுறம், யாரும் குற்றஞ்சாட்டாதிருக்க, "அன்று நான் அவனைக் கடலுக்கு அனுப்பாதிருந்தால்" என்று வருஷக்கணக்காய்த் தன்னையே குத்திக்கொள்ளும் தகப்பனுக்கு இச்சொல் பூரணமாய்ப் பொருந்தலாம். காற்று மாறுமென்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்ததா, தெரிந்துகொள்ள வழியிருந்ததா என்பதே கேள்வி. அதைத் தனியே தீர்க்க முடியாமல் தவிப்பவர்கள் சனிக்கிழமை மாலை என்னை வந்து பாருங்கள், மெதுவாகப் பேசுவோம்.