இருசில்லு உழவு இயந்திரம் வழுக்காது உழுவதற்குரிய வழிகள்

இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த ‘லாண்ட்மாஸ்டர்’ என்னும் இருசில்லு உழவு இயந்திரம் சிறு கமக்காரருக்குப் பெருந்துணையாயிற்று. பின்னர் வந்த வேறு இயந்திரங்களையும் அப்பெயராலேயே அழைப்போர் பலர். ஆயினும், சில்லு வழுக்கிச் சுழலுமாயின் எவ்வகை இயந்திரமும் முழுப் பயன் தராது. எரிபொருள் வீணாகும், ரயர் தேயும், பருவமும் தவறும். 2022ஆம் ஆண்டு ஏற்பட்ட எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஒவ்வொரு லீற்றரின் அருமையையும் கமக்காரர் நன்கு உணர்ந்தனர்.

திருகோணமலை நகருக்கு வடக்கேயுள்ள சல்லி போன்ற கரையோரக் கிராமங்களில் தோட்டநிலம் மணற்பாங்கானது. நெல்வயலோ மழைக்காலத்தில் சேறாவது. ஒரே இயந்திரம் இரண்டையும் உழவேண்டியிருப்பின், இரண்டுக்கும் ஒரே பரிகாரம் பொருந்தாது.

மண்ணின் இயல்பு

இயந்திரத்தை முன்செலுத்துவது எஞ்சினின் வலிமை மாத்திரமன்று. சில்லு பின்னோக்கித் தள்ளும்போது கீழுள்ள மண் குலையாது தாங்கி நிற்றல் வேண்டும். மணலின் துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதனாலேயே அதற்கு உறுதி உண்டாகின்றது. ஆகவே அதன்மீது பாரம் கூடினால் பிடிப்பும் கூடும். நீரில் ஊறிய களிமண்ணின் உறுதி அதன் ஒட்டும் தன்மையினால் வருவது. அங்கே பாரத்தைக் கூட்டினால் பிடிப்பு அதிகம் கூடாது. சில்லு புதைதலே மிஞ்சும்.

வழுக்கலை அளத்தல்

சில்லின் ஓரத்தில் சுண்ணாம்பினால் ஓர் அடையாளமிடுக. கலப்பையை மண்ணில் இறக்காமல், சில்லு 10 முறை சுழலும்வரை இயந்திரத்தைச் செலுத்தி, சென்ற தூரத்தை அளக்குக. பின்னர் கலப்பையை இறக்கி உழுது, அவ்வாறே 10 சுற்றுக்கு அளக்குக. முதல் தூரம் 20 மீற்றரும் இரண்டாவது 17 மீற்றரும் ஆயின், வழுக்கல் நூற்றுக்கு 15 ஆகும், இது ஏற்கத்தக்கது. இரண்டாவது தூரம் 13 மீற்றராயின் வழுக்கல் நூற்றுக்கு 35 ஆகும். உடனே திருத்தம் செய்தல் அவசியம்.

மணல் நிலத்தில்

1. இயந்திரத்தின் கைநூலில் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவுக்கு ரயரின் காற்றைக் குறைக்கலாம். ரயர் சற்றே பரந்து மண்ணைக் கூடுதலாகப் பற்றும். அவ்வளவிற்கும் கீழே குறைத்தால் ரயர் சில்லில் நழுவி, ரியூபின் வால்வு அறுந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பது அதற்கு முன்னறிகுறியாகும். தெருவில் செல்லுமுன் மீண்டும் காற்றை நிரப்புதல் வேண்டும்.

2. சில்லுக்கென உற்பத்தியாளர் தரும் இரும்புப் பாரங்களைப் பொருத்துக. கைநூல் இடங்கொடுப்பின் ரியூபினுள் நீரும் நிரப்பலாம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் பாரம் தரும். கல்லையோ மணல் மூட்டையையோ கயிற்றினாற் கட்டுதல் ஆபத்தானது.

3. உலர்ந்த மணலிலும் ஈரமணல் உறுதியானது. ஆகையால் மழைக்குப் பின்னரோ, நீர் பாய்ச்சிய மறுநாளோ உழுதல் நன்று.

சேற்று வயலில்

சேற்றில் ரயரின் பட்டைகளிடையே மண் அடைந்து, அது வழுவழுப்பான உருளைபோல் ஆகிவிடும். ஆகவே ரயரைக் கழற்றி, தகடுகள் பொருத்திய இரும்புச் சில்லைப் பூட்டுதல் வேண்டும். அதன் தகடுகள் சேற்றை ஊடுருவி அடியிலுள்ள கடின மண்ணைப் பற்றும். இங்கே மேலதிகப் பாரம் வேண்டாம். மணலுக்கெனப் பூட்டிய பாரங்களை முன்னரே அகற்றிவிடுக. இரும்புச் சில்லுடன் தார்வீதியில் செல்லலாகாது.

ரயரின் திசை

ரயரின் பட்டைகள் அம்புக்குறி போன்று அமைந்தவை. பட்டைகள் கூடும் நடுமுனை முதலில் மண்ணைத் தொடுமாறு பூட்டினால், மண் இருபுறமும் ஒதுங்கி, பட்டை தானே சுத்தமாகும். இயந்திரம் சென்ற தடத்தில் அம்புமுனை பின்னோக்கித் தெரிந்தால் திசை சரியானது. முன்னோக்கித் தெரிந்தால் இடவலச் சில்லுகளை மாற்றிப் பூட்டுக. பட்டைகள் மிகத் தேய்ந்த ரயரைத் தோட்ட உழவுக்கு நம்புதல் கூடாது.

எச்சரிக்கை

சில்லு புதைந்தபோது எஞ்சினை மேலும் முடுக்கினால் குழி ஆழமாவதன்றி வேறு பயனில்லை. சில்லுடன் மரக்குற்றியைப் பிணைத்து ஏற முயல்வதும் பெருங்கேடு. கைப்பிடி திடீரென ஓட்டுநரைத் தாக்கலாம். எஞ்சினை நிறுத்தி, கலப்பையைக் கழற்றி, சில்லின் முன்னுள்ள மண்ணை மண்வெட்டியால் அகற்றி, பலகையிட்டு மெல்ல வெளியேற்றுதலே தக்கது. அடுத்த சாலில் உழவின் ஆழத்தைக் குறைத்து, மழுங்கிய கொழுவைத் தீட்டிக்கொள்க.

வழுக்கல் கண்டவுடன் கூடிய வலுவுள்ள இயந்திரத்தை வாங்க எண்ணுதல் வேண்டாம். மணலுக்குப் பாரமும் பரந்த ரயரும், சேற்றுக்கு இரும்புச் சில்லும் என்பதை நினைவிற்கொண்டு, பெரும்போக மழைக்கு முன்னரே இவற்றை ஆயத்தஞ் செய்க. ஐயமிருப்பின் விவசாயப் போதனாசிரியரை அணுகுக.